பதிவுக்கு வராத வீடுகள்

வன்னியில் கையில் கோப்போடு ஒரு வீட்டுப் படலையைத் திறந்தால், "வாங்கோ" என்பதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும்: "என்ன பிள்ளை, திரும்பவும் பதிவோ?"

கேட்பவரில் பிழையில்லை. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பதிந்தார்கள். இடம்பெயர்ந்த ஏறத்தாழ 3 லட்சம் சனத்தில் பெரும்பகுதி இருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வலயம் வலயமாகப் பதிந்தார்கள். ஊர் திரும்பியபோது தறப்பாளுக்கும் தகரத்துக்கும் ஒரு பதிவு, வீட்டுத்திட்டத்துக்கு ஒரு பதிவு, கோழிக்குஞ்சுக்கு ஒரு பதிவு. ஆமிக்காரர் வந்து குடும்பத்தை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துப் பதிந்ததும் உண்டு. இவ்வளவு பதிவுக்குப் பிறகும் எந்தப் பதிவிலும் அகப்படாத வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. அந்த வீடுகளைத் தேடிப் போவதுதான் என் தொழில்.

அலுவலகத்தில் இதற்குப் பெயர் பால்நிலை, சமூக உள்வாங்கல் ஆய்வு. அதன் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்துப் பேச்சில் ஜெசி என்போம். வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவி, சிறுவர் பாதுகாப்பு, தொலைந்த ஆவணங்களை எடுத்துக் கொடுப்பது, சட்ட உதவி, உளவளத்துணை என்று ஒரு நிறுவனம் யுத்தம் பாதித்த கிராமங்களில் வேலை தொடங்கும். அதற்கு முன் அந்த ஊரில் யாருக்கு எதனால் ஆபத்து, உதவி வந்தால் யாருக்குப் போய்ச் சேரும், யாருக்குச் சேராது என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது வினாக்கொத்தைப் பற்றி. எத்தனை கேள்வி, எந்த ஒழுங்கில், எந்த ஆப்பில் என்று. நான் அவர்களிடம் முதலில் பட்டியலைப் பற்றித்தான் கதைப்பேன். யாரிடம் போய்க் கேட்கப் போகிறோம் என்பது தீர்மானமாகும் இடத்திலேயே வேலையில் பாதி நல்லதாகவோ கெட்டதாகவோ போய்விடுகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் கொடுப்போம். அங்கிருந்து கிராம அலுவலரிடம் போகச் சொல்வார்கள். அவர் ஒரு பட்டியல் தருவார். "பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்" என்று மேலே தலைப்புப் போட்டு, கீழே பெயர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் எண்ணிக்கை. அவர் பாவம், மூன்று நான்கு கிராமங்களின் வேலையை ஒரு மேசையில் வைத்துச் செய்கிறவர். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் உண்மையில் உதவி தேவைப்படுகிறவர்தான். ஆனால் அதில் ஏறுவதற்கு ஒரு கடதாசி வேண்டும். கணவனின் மரணச் சான்றிதழ், அல்லது விவாகரத்துத் தீர்ப்பு. கடதாசி இல்லாதவர் பட்டியலில் இல்லை.

யுத்தத்தின் கடைசி நாட்களில் கணவனை வட்டுவாகலில் ஆமியிடம் ஒப்படைத்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். "நானே கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தனான். செத்தவர் எண்டு நான் எப்படிப் பிள்ளை கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டவரின் முற்றத்தில் நான் இருந்திருக்கிறேன். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி வரும் என்று பலர் அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் எடுக்கவில்லை. 2016 இல் சட்டத்தைத் திருத்தி, காணாமல் போனவர் என்பதற்கு ஒரு தனிச் சான்றிதழ் கொடுக்க வழி செய்தார்கள். அதே ஆண்டு காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் சட்டம் வந்தது. ஆனாலும் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் பாய் விரித்து உட்கார்ந்த தாய்மாரும் மனைவிமாரும் கேட்டது எந்தச் சான்றிதழையும் இல்லை. தங்கள் ஆட்கள் எங்கே என்பதற்கான பதிலை. அந்தப் பதில் வராதவரை எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்க மாட்டோம் என்றிருப்பவர்களின் பிடிவாதத்தை நான் முழுமனதோடு மதிக்கிறேன். அந்தப் பிடிவாதத்துக்காக ஒரு பாதுகாப்புத் திட்டம் அவர்களை வெளியே விடுகிறது என்றால், திருத்த வேண்டியது எங்கள் படிவத்தை. அதனால் நான் தயாரிக்கும் படிவங்களில் விதவை, விவாகரத்தானவர் என்ற கட்டங்களுக்குப் பக்கத்திலேயே "கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்" என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கும். சான்றிதழ் இருக்கிறதா என்ற கேள்வி அதற்குக் கீழே வராது.

இன்னொரு கூட்டம், இன்றைக்கு முப்பதுகளில் இருக்கும் பெண்கள். 2008, 2009 இல் புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும் என்று பெற்றோர் அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்த பிள்ளைகள். பதினைந்து, பதினாறு வயது. பதுங்குகுழிக்குள் தாலி கட்டியதாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். பதிவாளர் இல்லை, பதிவு இல்லை. சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் அந்தக் கலியாணங்களில் சில குலைந்தன. அவன் வேறு இடத்தில் முறைப்படி கட்டிக்கொண்டு போய்விட்டான். இவள் பிள்ளையோடு தாய் வீட்டில். கேட்டால் விதவையும் இல்லை, விவாகரத்தும் இல்லை, சட்டத்தின்படி கலியாணமே இல்லை. பிள்ளையின் பராமரிப்புக்குக் காசு கேட்டுத் தாபரிப்பு வழக்குப் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், வழக்குப் போட்டால் கதை ஊருக்குள் திரும்பக் கிளம்பும் என்ற பயம். கிராம அலுவலரின் பட்டியலில் அந்த வீடு தகப்பனின் பெயரில், ஆண் தலைமைத்துவக் குடும்பமாக இருக்கும்.

காணி என்று வந்தால் இது இன்னும் இறுகும். யாழ்ப்பாண வழி வந்த தமிழ்க் குடும்பங்களுக்குத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் பொருந்தும். அதன்படி, கலியாணம் கட்டிய பெண் தனக்குச் சீதனமாக வந்த காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1911 ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. கணவன் காணாமல் போயிருந்தால் நீதிமன்றம் போய் அனுமதி எடுக்கலாம்தான். அதற்குச் சட்டத்தரணிக்குக் காசு, தவணைக்குத் தவணை பஸ், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலி. அரசாங்கப் பெர்மிட் காணி என்றால் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வரும். பெர்மிட்காரர் பின்னுரித்தாளரைக் குறிப்பிடாமல் விட்டால் பிள்ளைகளில் ஆண்களுக்கே முதலிடம் என்றிருந்த ஒழுங்கை மாற்ற 2022 வரை ஆனது. வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெருமளவு பெர்மிட் காணி. ஆகவே வீட்டுக்குள் யார் பெயரில் என்ன கடதாசி இருக்கிறது என்று கேட்காமல் பாதுகாப்பைப் பற்றி எழுதும் அறிக்கையை நான் ஏற்பதில்லை. தம்பி வந்து "அக்கா, இது என்ர காணி" என்று சொன்ன நாளில் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் ஒரு பெண்ணுக்கு, நாங்கள் தரும் தையல் மெசினை வைக்க இடமிருக்காது.

சரி, பட்டியலைத் திருத்தியாயிற்று. அடுத்தது கூட்டம். பொதுநோக்கு மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு பக்கம் மாதர் சங்கத் தலைவி, கமக்கார அமைப்புத் தலைவர், கிராம அபிவிருத்திச் சங்கத்தார். இவர்களோடு கட்டாயம் கதைக்கத்தான் வேண்டும். ஆனால் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலிக்குக் கச்சான் பிடுங்கப் போன பெண் வரமாட்டாள். பின்னேரம் வைத்தால் பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்குபவள் வரமாட்டாள். வீட்டில் படுக்கையில் இருக்கும் கணவனைப் பார்க்கிறவள் எந்த நேரத்துக்கும் வரமாட்டாள். வந்தவர்களைக் கொண்டு "சமூகத்தின் கருத்து" என்று எழுதுவது மிகவும் சுலபம்.

அதனால்தான் எனக்குப் பாதுகாப்பு வரைபடம் கீறுகிற முறை பிடிக்கும். பெரிய பிரவுண் கடதாசி, நாலைந்து நிறத்தில் பேனை. ஆண்கள் ஒரு இடத்தில், பெண்கள் வேறு இடத்தில், இளம் பிள்ளைகள் இன்னொரு இடத்தில். ஊரைக் கீறுங்கோ, பயமான இடத்தைச் சிவப்பால் காட்டுங்கோ என்று மட்டும் சொல்வேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில், காட்டோரமாக இருக்கும் ஒரு ஊரில் கீறிய இரண்டு படங்கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. ஆண்கள் முதலில் குளத்தைக் கீறினார்கள். பிறகு வாய்க்கால், வயல், கோவில், பிரதான வீதி. சிவப்பு, யானை இறங்கும் பாதைக்கும் ஆமி முகாம் வாசலுக்கும் போனது. பெண்களின் கடதாசியில் குளம் ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. அவர்கள் முதலில் கீறியது கிணறுகளை. எந்தக் கிணறு மாசியில் வற்றும், எது வற்றாது என்று பிரித்து. பிறகு பஸ் நிற்கும் சந்தி, அங்கிருந்து ஊருக்குள் வரும் விளக்கில்லாத ஒழுங்கை, ஒழுங்கைக்கு நடுவில் கள்ளுத் தவறணை. யாரும் குடியேறாமல் கூரை போட்டபடியே விட்ட ஒரு வீட்டுத்திட்ட வீட்டை ஒரு பிள்ளை கீறி, சுற்றிவரச் சிவப்படித்தாள். அங்கே பெடியள் இருந்து குடிப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். பிறகு ஒரு அம்மா பேனையை வாங்கி மாதர் சங்கக் கட்டடத்துக்குச் சிவப்புப் போட்டார். எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். "அங்கதானே செவ்வாய்க்கிழமையில கடன்காரர் வாறவங்கள்" என்றார்.

அந்த ஒரு சிவப்புக் கோட்டிலிருந்து அன்றைய பின்னேரம் முழுவதும் கதை ஓடியது. இந்தியாவின் உதவியில் வந்த 50,000 வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் கிடைத்தது, கட்டம் கட்டமாக. வீட்டைக் கட்டுவது அவரவர் பொறுப்பு. ஆண் துணை உள்ள வீட்டில் மண் சுமக்கவும் கல் அரியவும் கை இருந்தது. தனியாக இருந்த பெண் எல்லாவற்றுக்கும் கூலி கொடுத்தாள். காசு யன்னல் மட்டத்தோடு முடிந்தது. நகை அடகுக்குப் போனது. பிறகு குழுக்கடன். ஐந்து பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை, கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். ஒன்றைக் கட்ட இன்னொன்று. ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற நாலு பேரும் அவள் வீட்டு வாசலில் நிற்பார்கள். காசு வாங்க வருகிறவன் இருட்டும்வரை படலையில் மோட்டார்சைக்கிளை நிறுத்திவைத்திருப்பான். ஊர் என்ன கதைக்கும் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். 2018 இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, கடன் வசூலிப்பவர்கள் பாலியல் ரீதியாகவும் பெண்களை நெருக்குகிறார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணமும் அறிவித்தது. ஆனால் எங்கள் வினாக்கொத்தில் கடன் என்பது வாழ்வாதாரப் பகுதியில் இருந்தது, வன்முறை என்பது பாதுகாப்புப் பகுதியில் இருந்தது. இரண்டும் ஒரே படலையில் நிற்கிறது என்பதை அந்த அம்மாவின் சிவப்புப் பேனைதான் காட்டியது. அதற்குப் பிறகு நான் எழுதும் எல்லா ஆய்வுத் திட்டத்திலும் கடன், பாதுகாப்புப் பகுதியில்தான் வரும். நன்கொடையாளர் கேள்வி கேட்டால் உட்கார்ந்து விளங்கப்படுத்துவேன்.

வன்முறையைப் பற்றிக் கேட்பதில் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கேட்டபின் அனுப்ப இடம் இல்லாவிட்டால் கேட்கவே கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட பரிந்துரைகளும் இதையே சொல்கின்றன: அவசரகாலச் சூழலில் பாலியல் வன்முறையைப் பற்றித் தகவல் சேர்ப்பதானால், அடிப்படைப் பராமரிப்பு முதலில் அந்த இடத்தில் இருக்க வேண்டும். அதனால் வீடுகளுக்குப் போவதற்கு முன் நான் போவது வேறு இடங்களுக்கு. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு வைத்தியசாலையில் உதவும் நட்பு நிலையம் உண்மையில் எந்த நாளில் திறந்திருக்கிறது, பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா, இல்லை அந்தக் கதிரை வெறுமையாகவா, பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவில் தமிழ் கதைக்கும் பெண் பொலிஸ் இருக்கிறாரா. அடிவாங்கிய பெண் தமிழில் சொன்னதை வேறொருவர் சிங்களத்தில் எழுத, விளங்காத கடதாசியில் அவள் கையெழுத்து வைத்துவிட்டு வருவது இந்த மாகாணத்தில் நெடுங்காலம் நடந்தது. வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இலேயே வந்துவிட்டது. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும் இருக்கிறது. இலக்கத்தைப் போஸ்டரில் அடித்து ஒட்டுவதோடு நிறுத்தாமல், நாங்களே எடுத்துப் பார்க்க வேண்டும், தமிழில் கதைக்கிறார்களா என்று. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அறிக்கையில் எழுதுவேன். இரவு எட்டு மணிக்கு வீட்டை விட்டு ஓட வேண்டிய பெண்ணுக்குச் சட்டத்துக்கு முதலே தேவைப்படுவது ஒரு ஓட்டோ.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் வேலை ஓரளவு நன்றாக மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். முன்பு "உங்கள் வீட்டில் வலுவிழந்தவர் இருக்கிறாரா?" என்று ஒரு கேள்வி. காலில்லாதவரைச் சொல்வார்கள், கண் தெரியாதவரைச் சொல்வார்கள், அவ்வளவுதான். இப்போது வலுவிழப்பை அளப்பதற்கான வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைப் பாவிக்கிறோம்: பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன் வேலையைத் தானே செய்வது, மற்றவரோடு தொடர்பாடுவது. ஒவ்வொன்றிலும் சிரமம் உண்டா, எவ்வளவு என்று. முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் ஷெல் துண்டோடு இருக்கும் பெண் தன்னை ஒருபோதும் மாற்றுத்திறனாளி என்று சொல்ல மாட்டாள். அவள் சமைக்கிறாள், பிள்ளையைப் பள்ளிக்கு விடுகிறாள். ஆனால் "நடக்கவோ படியேறவோ கஷ்டமா?" என்று கேட்டால், "தண்ணி வாளியோட எண்டால் ரெண்டு இடத்தில வைச்சு வைச்சுத்தான் வருவன்" என்பாள். அந்த ஆறு கேள்வியோடு நான் ஒன்றைச் சேர்த்துக் கேட்பேன்: மலசலகூடத்துக்கு எப்படிப் போகிறீர்கள்? வீட்டுக்குப் பின்னால் மணலில், இருபது முப்பது அடி தள்ளி, இரண்டு படி ஏறிக் குந்தியிருக்க வேண்டிய ஒன்று. சக்கரநாற்காலியில் இருக்கும் பெண் இரவில் தண்ணீர் குடிக்காமல் படுக்கிறாள் என்பது அந்தக் கேள்வியில்தான் வரும்.

இனி, யாரும் கேட்க விரும்பாத ஒன்று. சாதி.

வெளியில் இருந்து வரும் ஆலோசகர்களுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் சிக்கல் என்று ஒதுங்குவார்கள். எங்கள் ஆட்களோ "இப்ப ஆர் சாதி பாக்கினம், யுத்தத்தோட எல்லாம் போட்டுது" என்பார்கள். அப்படிச் சொல்பவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதை மட்டும் நான் பார்த்துக்கொள்வேன். வலிகாமம் வடக்கில் 1990 இல் உயர் பாதுகாப்பு வலயமானபோது எல்லோரும்தான் இடம்பெயர்ந்தார்கள். காணி உள்ளவர்கள், வெளிநாட்டில் ஆள் உள்ளவர்கள் மெல்ல மெல்ல வெளியேறி வாடகைக்கோ சொந்தமாகவோ போனார்கள். கோணப்புலம், சபாபதிப்பிள்ளை போன்ற நலன்புரி முகாம்களில் கால் நூற்றாண்டு தாண்டியும் கிடந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், காணியற்றவர்கள். காணி விடுவிப்பு என்று செய்தி வந்தபோது அவர்களுக்குத் திரும்பிப் போகச் சொந்தக் காணியே இருக்கவில்லை. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் போனால் வேறு கதை. 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்த குடும்பங்கள். யுத்தத்தில் எல்லோரைப்போலவும் இழந்தார்கள். உதவி வந்தபோது காணி உறுதி கேட்டார்கள், அவர்களிடம் இல்லை.

"உங்கள் சாதி என்ன?" என்று வீடு வீடாகக் கேட்பது அந்தச் சனத்துக்குச் செய்யும் அவமானம். அதை நான் செய்ய மாட்டேன், செய்ய விடவும் மாட்டேன். கேட்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. எந்தக் கிணற்றில் அள்ளுகிறீர்கள்? கோவில் திருவிழாவில் உங்களுக்கு உபயம் உண்டா? செத்தால் எந்தச் சுடலை? கூட்டத்துக்கு யார் வந்து சொன்னார்கள்? இந்த நாலு பதிலையும் ஊர்ப் படத்தில் வைத்துப் பார்த்தால், எங்கள் பட்டியல் ஊரின் எந்தத் தெருவோடு நின்றுவிட்டது என்று கோடு போட்டதுபோல் தெரியும். ஒரு தடவை அப்படிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்தை மண்டபத்திலிருந்து எடுத்து, குளக்கட்டுக்குக் கீழ் இருந்த கொட்டில்களுக்கு நடுவில் வைத்தோம். மண்டபத்துக்கு ஏன் வருவதில்லை என்று அங்கே ஒரு பெரியவரிடம் கேட்டேன். "எங்களை ஒருத்தரும் வரவேண்டாம் எண்டு சொல்லேல்ல மிஸ். வாங்கோ எண்டும் சொல்லேல்ல" என்றார்.

பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, பட்டியலில் ஏற விரும்பாதவர்களைப் பற்றி எழுதாமல் விட முடியாது. புனர்வாழ்வு முடித்து வந்த ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளில் பெண்களும் இருந்தார்கள். ஊரிலே அவர்களுக்கு இரட்டைச் சுமை. ஒரு பக்கம் சிஐடி வந்து விசாரிக்கும், எங்கே வேலை, யார் வந்து போகிறார்கள் என்று. மறுபக்கம், முகாமில் இருந்து வந்த பெண் என்று ஊர் கதைக்கும், கலியாணம் பேசினால் குழம்பும். சிலர் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள். அதற்கும் ஊரில் பேச்சு வாங்கினார்கள். இவர்கள் எங்கள் பதிவுக்கு வர மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நிறுவனம் "முன்னாள் பெண் போராளிகளின் தேவைகள்" என்று பட்டியல் எடுத்தால், அந்தக் கடதாசி யார் மேசைக்குப் போகும் என்று அவர்களுக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே என் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. அவர்கள் அந்த ஊரின் மற்றப் பெண்களோடு பெண்களாக வரட்டும். கதைக்க விரும்பினால் கதைப்பார்கள். பதில்களைப் பதியும் கோபோ ஆப்பில் வீட்டின் ஜிபிஎஸ் புள்ளி தானாகப் பதியும்படி வைத்திருந்தால் அதை நிறுத்திவிட்டுத்தான் டேப்லட்டைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பேன். பெயர் ஒரு கோப்பில், பதில் இன்னொரு கோப்பில், இரண்டையும் இணைக்கும் இலக்கம் ஒருவரிடம் மட்டும். படம் எடுப்பதில்லை. அதிகாரிகளுக்குக் கொடுக்கும் சுருக்க அறிக்கையில் கிராமத்தின் பெயர் தேவையில்லாத இடத்தில் இருக்காது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் வந்தது நல்ல விஷயம், ஆனால் நாங்கள் இதையெல்லாம் சட்டம் வருமுன்பே செய்ய வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நின்றபோது ஒரே கிழமையில் திட்டங்கள் மூடப்படுவதைப் பார்த்தோம். அப்போது எனக்கு முதலில் வந்த யோசனை, மூடிய அலுவலகங்களின் மடிக்கணினிகளில் இருக்கும் பெயர்களை யார் அழிப்பார்கள் என்பதுதான். அன்றிலிருந்து, திட்டம் இடையில் நின்றால் தரவுக்கு என்ன நடக்கும் என்ற பந்தி இல்லாத ஒப்பந்தத்தில் நான் கையெழுத்து வைப்பதில்லை.

ஆய்வு முடிந்து அறிக்கை ஆங்கிலத்தில் கொழும்புக்குப் போகும். ஊருக்கு ஒன்றும் திரும்பி வருவதில்லை என்பது சனத்தின் பெரிய குறை, நியாயமான குறை. கண்டதை நான்கு பக்கத் தமிழில் எழுதி, அதே பெண்களிடம் வாசித்துக் காட்ட ஒரு நாளுக்கான காசை முதலிலேயே பாதீட்டில் போடச் சொல்வேன். வாசிக்கும்போது திருத்துவார்கள். "இது அப்படி இல்லை மிஸ், அது மாரி காலத்தில மட்டும்தான்" என்பார்கள். சில இடங்களில் "இதை எழுதவேண்டாம்" என்பார்கள், எடுத்துவிடுவோம். அந்தப் பிரவுண் கடதாசி ஊரில் பெண்கள் அந்த நான்கு பக்கத்தையும் கையில் எடுத்துக்கொண்டு பிரதேச சபைக்குப் போனார்கள், ஒழுங்கைக்கு விளக்குக் கேட்டு. விளக்குப் போட்டார்கள். தவறணை இன்னும் இருக்கிறது. கடன்காரரை மாதர் சங்கக் கட்டடத்துக்குள் விடுவதில்லை என்று கூட்டத்தில் தீர்மானம் எழுதினார்கள். ஆனால் வீடுகளுக்கு வருவது நிற்கவில்லை.

வருகிற மாதம் மன்னாரில், முசலிப் பக்கம் வேலை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும், கரையோரத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில். முஸ்லிம் பெண்களோடு கதைக்க முஸ்லிம் பிள்ளைகள் இரண்டு பேராவது குழுவில் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் ஒருவர்தான் கிடைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மதியமும் ஞாயிறு காலையும் கூட்டம் இல்லை. புத்தளத்தில் பாதி, இங்கே பாதி என்று இரண்டு இடத்திலும் வாழும் குடும்பங்கள் எந்தக் கிராம அலுவலரின் பட்டியலில் இருக்கின்றன என்று இரண்டு மாவட்டத்துக்கும் கடிதம் போட்டாயிற்று. மன்னாரில் உங்களுக்குத் தெரிந்த, கள வேலை செய்யக்கூடிய முஸ்லிம் பிள்ளைகள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.